சண்டைப் படமும் மஞ்சள் ஹெல்மெட்டும்

இன்னாசிராஜுக்கு ஐம்பத்தோரு வயது. மந்தாரக்குப்பத்தில் ஒன்றரை ரூம் வாடகை வீடு. பகலில் அனல்மின் பிளாண்டில் பைப்புக்கு அடிக்கிற கான்ட்ராக்ட் பெயின்டர். ஷிப்ட் முடிந்து வந்தால் இத்தாலிக்காரன் வரைந்த படத்துக்குக் கையால் காப்பி போடுகிறவர். இரண்டும் பிரஷ் வேலைதானே என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் மனுஷருக்குப் பொத்துக்கொண்டு வரும். "அது பைப்பு, இது குதிரை. பைப்பு கால மாத்தி மாத்தி வெக்குமா?" என்பார்.

அந்தக் குதிரையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அறுநூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் இரண்டு ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்ட சண்டை அது. நடுவில் ஒரு வெள்ளைக் குதிரை, அதன் மேல் தளபதி. சுற்றிலும் உச்சி முதல் உள்ளங்கால் வரை இரும்பு மாட்டிய ஆட்கள். ஆளுக்கொரு நீள ஈட்டி. நிமிர்த்திய ஈட்டி, சாய்த்த ஈட்டி, முறிந்து தரையில் கிடக்கிற ஈட்டி. சிவப்புக் காலுறை, சிவப்புச் சேணம், சிவப்புக் கொடி. பின்னால் ஆரஞ்சு மரங்கள், சண்டைக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்பது போல. ஓரத்தில் ஒருத்தன் குப்புற விழுந்து கிடக்கிறான். எவனும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரிஜினல் ஏதோ வெளிநாட்டு மியூசியத்தில் தொங்குகிறது. அதையே வீட்டில் மாட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். மெஷினில் அடித்தது கூடாது, மனுஷன் கையால் போட்டதுதான் வேண்டும் என்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்காகப் புதுச்சேரியில் கடை வைத்திருப்பவர் அருண்குமார். குள்ளஞ்சாவடியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது, மணமேடைக்குப் பின்னால் இன்னாசிராஜ் எழுதி வைத்திருந்த வளைவும் தோட்டமும் கண்ணில் பட்டு, ஆளைத் தேடிப் பிடித்தார். அது ஆச்சு ஏழு வருஷம்.

அருண்குமாரிடம் வரைகிறவர்கள் ஆறேழு பேர் உண்டு. பூ, பழக்கூடை, மாதா, சிறகு வைத்த சம்மனசு எல்லாவற்றுக்கும் போட்டி இருக்கும். சண்டைப் படம் என்றால் மட்டும் எல்லோரும் நழுவிவிடுவார்கள். "குதிரைக் கால எண்ணியே பைத்தியம் புடிச்சிடும் சார்" என்று ஒருத்தர் பாதியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னாசிராஜுக்கோ அது பழகின சங்கதி. இருபத்திரண்டு வருஷம் பிளாண்டில் பைப்புக்குப் பெயின்ட் அடித்தவருக்கு எந்த லைன் எதற்குப் பின்னால் போய் எங்கே தலைகாட்டும் என்று கண்ணை மூடினாலும் தெரியும். ஈட்டியும் பைப்பும் அந்த விஷயத்தில் ஒரே ஜாதி. பதினோரு சண்டைப் படம் போட்டுக் கொடுத்தாயிற்று.

சிவப்புக்கு மட்டும் அவருக்கு ஒரு தனி வழி. டியூப் சிவப்பு அத்தனை கொடிக்கும் காலுறைக்கும் எந்த மூலைக்கு? கோலத்துக்குப் போடுகிற வர்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்து டியூப் சிவப்போடு சேர்த்துவிடுவார். பார்த்தால் கண்ணைப் பறிக்கும். அருண்குமாரே ஆரம்பத்தில், "அண்ணே, உங்க செவப்பு மாதிரி யாருக்கும் வராது" என்று சொல்லியிருக்கிறார்.

படத்தில் ஒரு விஷயம் மட்டும் இன்னாசிராஜுக்கு அடியோடு பிடிக்காது. அந்த வெள்ளைக் குதிரைத் தளபதி ஹெல்மெட் போடவில்லை. தலையில் சிவப்பாக மெத்தை மாதிரி ஒரு தொப்பி. சுற்றியிருக்கிற அத்தனை பேரும் இரும்பு மாட்டியிருக்க, இவர் மட்டும் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி இருப்பார். ஒவ்வொரு முறை அந்தத் தொப்பியை எழுதும்போதும் மனைவி மேரிசெல்வியிடம், "பாத்தியா செல்வி, இந்தாளு பர்மனென்ட்டு. அதான் தலையப் பத்திக் கவலயே இல்ல. கீழ வுழுந்து கெடக்கறான் பாரு, அவன் நம்ம ஆளு" என்பார். ஏழு வருஷமாகச் சொல்கிறார். ஏழு வருஷமாக மேரிசெல்வியும் சிரிக்கிறார். நல்ல மனுஷி.

பர்மனென்ட். இந்த வார்த்தையை விட்டால் இந்தக் கதை இல்லை. வெளியூர்க்காரர்களுக்கு அதற்கு ஆயிரம் அர்த்தம் இருக்கலாம். இங்கே ஒரே அர்த்தம்தான். பெண் பார்க்க வந்தால் ஜாதகத்துக்கு முன்னால், "மாப்ள பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" என்றுதான் கேட்பார்கள். குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, மரியாதை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் வரிசையில் நிற்கும். இன்னாசிராஜின் அப்பா ராயப்பன் கான்ட்ராக்டிலேயே இருந்து கான்ட்ராக்டிலேயே கண்ணை மூடினவர். கடைசி நாள்களில் அவர் கேட்டதும் வேறொன்றுமில்லை, "லிஸ்டு எதனா வந்துதாடா?" என்பதுதான்.

அந்த வார்த்தைக்கு ஒரு பத்தியமும் உண்டு. ஆர்டர் கைக்கு வருகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. யாரிடமும் சொல்லக் கூடாது என்பதோடு, தருகிறேன் என்றவரிடமே "நிஜமாவா?" என்று திருப்பிக் கேட்கவும் கூடாது. கேட்டால் கலைந்துவிடும். வயிற்றில் பிள்ளை தங்கினதை மூன்று மாசம் வரை சொல்ல மாட்டார்கள் இல்லையா, அது மாதிரி. அப்படி வாயை விட்டுக் கெட்டவர்கள் பெயரை எந்த டீக்கடையில் கேட்டாலும் நாலு சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, எல்லோரும் நம்புகிறார்கள்.

இன்னாசிராஜின் நிலைமை இதுதான். வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நாள் வருகை, அதுவும் தொடர்ந்து ஐந்து வருஷம் இருந்தால், அவர்கள் கான்ட்ராக்டில் சீனியாரிட்டி லிஸ்டில் பெயர் ஏறும். லிஸ்டில் ஏறினவர்களைத்தான் பர்மனென்ட்டுக்கு ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். அவர் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் கான்ட்ராக்டர் மாறினது, கேட் பாஸ் புதுப்பிக்க விட்டுப்போனது, மஞ்சள் காமாலை வந்தது என்று ஏதாவது ஒன்று நடுவில் வந்து கணக்கை அறுத்துவிடும். இப்போதுதான் முதன்முறையாக ஐந்தாவது வருஷம். இருநூற்றுப் பதினெட்டு நாள் ஆகிவிட்டது. இன்னும் இருபத்திரண்டு நாள் போனால் பெயர் ஏறிவிடும்.

அந்த நேரம் பார்த்துத்தான் அருண்குமாரின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. சைக்கிள் ஸ்டாண்டில் நின்றுகொண்டு கேட்டார்.

"அண்ணே, நல்லா கேட்டுக்குங்க. அந்தச் சண்டைப் படம் இன்னொண்ணு வேணும், ஆறடி. இந்தத் தடவ பார்ட்டி கறாரா சொல்லிட்டாங்க, பர்மனென்ட்டாதான் இருக்கணுமாம். எனக்கும் அதான் சரின்னு படுது. எத்தினி நாளைக்கு இப்பிடியே ஓட்டறது? இனிமே நம்ம கடையில எல்லாமே பர்மனென்ட்தான். இந்தப் படத்துலேர்ந்தே ஆரம்பிச்சிடலாம். இருவத்தெட்டாந்தேதி கொண்டாந்துடுங்க, கப்பல்ல போவுது."

இன்னாசிராஜ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். திரும்பக் கேட்டார். மறுபடி கேட்டார். எல்லாமே பர்மனென்ட்தான் என்கிற இடம் வரும்போதெல்லாம் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். வீட்டுக்குப் போய் மேரிசெல்விக்குப் போட்டுக் காட்டினார். அந்தம்மா தையல் கடைக்காகப் பித்தான் வைத்துக்கொண்டிருந்த ரவிக்கையைக் கீழே போட்டுவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏங்க, ஒரு வார்த்த போன் போட்டுத் தெளிவா கேட்டுடுங்க. எந்த வேலைக்கு, எந்த ஊர்ல, இன்னான்னு."

"பைத்தியமா உனக்கு? கேக்கக் கூடாதுடி. வாய்ல வந்தத கெடுத்துக்காத."

"இல்லீங்க…"

"எங்கப்பன் சாவற வரைக்கும் காத்துகினு கெடந்தான் செல்வி. எனக்குத் தானா வூடு தேடி வருது. நான் போயி நெஜமாவான்னு கேப்பனா?"

மேரிசெல்வி ரவிக்கையை எடுத்து மறுபடி பித்தான் வைக்க ஆரம்பித்தார். அவருக்கும் ஆசை இல்லாமலா?

ஆறடிப் படத்தை ஒரு மாசத்தில் முடிப்பதென்பது ஷிப்டுக்குப் போய்க்கொண்டே நடக்கிற காரியம் இல்லை. முந்தின படம் மூன்றரை மாசம் தின்றது. இரண்டு நாள் லீவு போட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் சூப்பர்வைசர் ராமலிங்கத்திடமிருந்து ஆள் வந்துவிட்டது. ராமலிங்கம் கெட்டவர் இல்லை. கணக்குக்குக் கறாரானவர், அவ்வளவுதான். அவர் கையில் இருப்பது நாற்பது கேட் பாஸ். கேட்டுக்கு வெளியே காத்திருப்பது நானூறு பேர்.

"இன்னாசி, பாஸை வெச்சிகினு வீட்டுல ஒக்காராதய்யா. வர்றதுன்னா வா, இல்லன்னா பாஸைக் குடு. உனக்குப் பின்னால அன்புச்செல்வன் ரெண்டு வருஷமா நிக்கறான்."

இன்னாசிராஜ் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்தார். லேமினேஷன் ஓரத்தில் பிரிந்து, போட்டோவில் இருக்கிற முகம் பாதி வெளுத்திருந்தது. மேஜை மேல் வைத்தார். கையில் இருந்த மஞ்சள் ஹெல்மெட்டையும் பக்கத்தில் வைத்தார். அதன் நெற்றியில் 'இன்னாசிராஜ், பெயின்டர்' என்று அவரே எழுதினது. அந்தக் கான்ட்ராக்டில் எல்லோருடைய ஹெல்மெட்டிலும் அவர் எழுத்துதான்.

"யோவ், இன்னும் இருவத்திரெண்டு நாளுதான்யா. லிஸ்டுல ஏறிடுவ. நெஜமாவே வேணாமா?"

"வேணாம் சார்."

"நெஜமாவா?"

பத்தியம் அந்த இடத்தில்தான் உடைந்தது. மனுஷருக்குப் பெருமை பொங்கிவிட்டது. "எனக்கு வேற எடத்துல பர்மனென்ட் ஆவுது சார். யாராண்டயும் சொல்லிடாதீங்க" என்றார். ராமலிங்கம் எழுந்து நின்று கை கொடுத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அதற்கப்புறம் இருபத்தாறு நாள் அந்த ஒன்றரை ரூமுக்குள் நடந்தது நிஜமான சண்டை. காலையில் முதல் ஷிப்ட் சங்கு ஊதும்போது பிரஷை எடுப்பார். சாயங்காலச் சங்குக்குத்தான் முதுகை நிமிர்த்துவார். மேரிசெல்வி சோற்றை உருண்டை பிடித்துக் கையில் கொடுப்பார். ஜன்னலைத் திறந்தால் கரித்தூள் வந்து ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று சாத்தியே வைத்திருந்தார்கள். மே மாசத்து வெக்கை. வேர்வை படத்தில் சொட்டக் கூடாதென்று நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு ஈட்டியாக இழுத்தார். இந்த முறை தளபதியின் தொப்பியை எழுதும்போது அந்தப் பழைய பேச்சைப் பேசவில்லை. தொப்பியில் ஒவ்வொரு மடிப்பையும் எழுதினார். கிட்டத்தட்டத் தன் தலைக்கே எழுதுகிற மாதிரி.

சிவப்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. பொடியை மெல்லிய துணியில் மூன்று தடவை சலித்து எண்ணெயில் குழைத்தார். கொடியும் காலுறையும் சேணமும் நெருப்பாக எரிந்தன. "இதப் பாத்தா அந்த இத்தாலிக்காரனே எழுந்து வந்துடுவான் செல்வி" என்றார்.

இருபத்தெட்டாம் தேதி காலையில் படத்தைச் சுருட்டிப் பிளாஸ்டிக் குழாய்க்குள் வைத்தாயிற்று. முந்தின நாளே முடி வெட்டிக்கொண்டார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்த வெள்ளைச் சட்டை. கையில் ஒரு ஃபைல். அதற்குள் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், எட்டாங்கிளாஸ் டி.சி., ஞானஸ்நான சர்டிபிகேட், ஆறு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. மெடிக்கல் இருந்தாலும் இருக்கும் என்று மேரிசெல்வி பனியன்கூடப் புதுசாகக் கொடுத்திருந்தார். வடலூரில் ஒரு பஸ், கடலூரில் ஒரு பஸ். மடியில் குழாய், அதன் மேல் ஃபைல். ஜன்னல் சீட்டு கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை மனுஷர். ஃபைலையே பார்த்துக்கொண்டு போனார்.

அருண்குமார் கடையில் இரண்டு பேருமாகப் படத்தைத் தரையில் விரித்தார்கள். அருண்குமார் படத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து வந்தார்.

"அண்ணே, சத்தியமா சொல்றேன். ஏழு வருஷத்துல நீங்க போட்டதுலயே இதான் ஒசத்தி."

இன்னாசிராஜ் கைகட்டி நின்றார். அருண்குமார் குனிந்து கொடியைப் பார்த்தார். முகம் மாறியது. ஒரு பஞ்சை டர்பென்டைனில் நனைத்துக் கொடி ஓரத்தில் லேசாக ஒற்றினார். பஞ்சு ரோஸாகிவிட்டது.

"என்னண்ணே இது? பர்மனென்ட்தானே போட்டீங்க?"

"இன்னா சார்?"

"கலருண்ணே. பர்மனென்ட் கலர். மெசேஜ்ல சொன்னேனே. போன வருஷம் கொடைக்கானல் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் குடுத்தோமே, அதுல செவப்பெல்லாம் வெளுத்து வெங்காயத் தோல் மாதிரி ஆயிடுச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்குத்தான் இந்தப் பார்ட்டி மொதல்லயே கறாரா கேட்டாங்க. டியூப் மேலயே போட்டிருக்கும், பர்மனென்ட்னு. வெளுக்காத கலர்."

இன்னாசிராஜ் பஞ்சையே பார்த்தார். காதில் முதல் ஷிப்ட் சங்கு ஊதுகிற மாதிரி இருந்தது. அருண்குமார் அப்போதுதான் அந்த ஃபைலைக் கவனித்தார். "அது என்னண்ணே கையில?" என்று வாங்கித் திறந்தார். ஆறு இன்னாசிராஜ்கள், வரிசையாக, பவுடர் பூசிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

"எதுக்குண்ணே ஞானஸ்நான சர்டிபிகேட்டெல்லாம்?"

"இல்ல… நீங்க பர்மனென்ட்டுன்னு சொன்னீங்களேன்னு…"

அருண்குமாருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, நானே வாடகைக் கடையில ஒக்காந்திருக்கேன். இன்னிக்கிக் கடைய காலி பண்ணுன்னா பண்ணணும். நான் எங்கேண்ணே யாருக்குப் பர்மனென்ட் குடுக்க?"

கோபப்படவாவது ஏதாவது கிடைத்தால் தேவலை. ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை. சொன்னதெல்லாம் சொன்னபடியே சரி. கப்பலுக்கு நேரம் இல்லாததால் பார்ட்டி வேறு ஏதாவது பூப்படம் எடுத்துக்கொள்வார்கள், இதைத் திருப்பி எடுத்துப்போய்ச் சிவப்பை மட்டும் சுரண்டிவிட்டு நல்ல கலரில் எழுதுங்கள், யாராவது வராமலா போவார்கள் என்றார். போகும்போது ஒரு சிவப்பு டியூபைச் சட்டைப் பையில் வைத்துவிட்டார். "இதப் பாத்து வெச்சிக்குங்கண்ணே. இதான் பர்மனென்ட்."

வீட்டில் வந்து சொன்னபோது மேரிசெல்வி முதலில் அழவில்லை. கத்தினார். "ஒரு வார்த்த! ஒரே ஒரு வார்த்த திருப்பிக் கேட்டிருந்தா இன்னா கொறஞ்சி பூடும்? நான் சொன்னனா இல்லியா?" இன்னாசிராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, "சொன்ன, சொன்ன" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். செத்துப்போனால் தேவலை என்று நினைத்தார். அதை வாய்விட்டும் சொன்னார். அதற்குமேல் மேரிசெல்வி கத்தவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ராமலிங்கம் ஆபீசில் நுழையும்போதே இன்னாசிராஜ் அவர் காலைப் பிடித்துக்கொண்டார். இரும்பு ஏணியில் நாற்பதடி ஏறி நின்று வேலை செய்த மனுஷர், பெஞ்சில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, அழுதார்.

"எழுந்திருய்யா மொதல்ல. உன் பாஸ் அன்புச்செல்வன் பேருக்கு எழுதியாச்சு. திங்கக்கெழம ஜாயின் பண்றான்."

"நான் ஏமாந்துட்டேன் சார்."

"நான்தான் ரெண்டு தடவ கேட்டேனேய்யா, நெஜமாவான்னு."

ராமலிங்கம் அவரைத் தூக்கி உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அப்புறம் ஒரு வழியும் சொன்னார். புதுப் பாஸ் இன்னும் மேலே போகவில்லை. அன்புச்செல்வன் தனக்கு வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், திங்கட்கிழமை காலைக்குள் பழைய பாஸையே வைத்துக்கொள்ளலாம். விட்டுப்போன நாளைச் சரிக்கட்டிக் கணக்கும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒரு வரியை ராமலிங்கமே வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார். 'எனக்கு இந்த வேலை தேவையில்லை.' கீழே கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"அவனாண்ட நீயே பேசிக்க. நான் சொன்னேன்னு சொல்லாத. அவனும் பாவம்."

இன்னாசிராஜ் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தார். வழியெல்லாம் ஒத்திகை. தம்பி, ஒரு சின்னத் தப்பு ஆயிடுச்சு. தம்பி, அஞ்சாவது வருஷம் எனக்கு. தம்பி, உனக்கு வயசிருக்குது. எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் அந்த வார்த்தைக்குத்தான் வந்து நின்றது. பெயின்ட் டியூப் பெயரை வேலை என்று நினைத்துக்கொண்டேன் என்று ஒருத்தனிடம் எப்படிச் சொல்வது? திங்கட்கிழமைக்குள் ஊரே சிரிக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், சோறு முக்கியம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்புச்செல்வன் வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே அன்புச்செல்வன் நிற்கிறான்.

கூடவே அவன் மனைவி புவனா. காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரித் தோப்புகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பம். முந்திரிப்பால் பட்டுப் புவனாவின் விரல்கள் வெந்து கறுத்திருந்தன. அந்த விரல்களில் ஒரு தட்டு; வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஒரு பலாச்சுளைப் பொட்டலம். அன்புச்செல்வன் கையில் மஞ்சள் ஹெல்மெட்.

"அண்ணே, ராமலிங்கம் சார் சொன்னாரு, உங்களுக்கு வேற எடத்துல பர்மனென்ட் ஆயிடுச்சாமே! யாராண்டயும் சொல்லாதன்னாரு, நான் சொல்ல மாட்டண்ணே. உங்களாலதாண்ணே எங்க வூட்டுல வெளக்கு எரியப் போவுது" என்று காலில் விழுந்துவிட்டான். அவனைப் பார்த்துப் புவனாவும் விழுந்தாள்.

சற்று முன்னால்தான் இவர் ஒருத்தர் காலில் விழுந்து எழுந்து வந்திருக்கிறார். இன்னாசிராஜுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எழுந்திரு, எழுந்திரு" என்றார். உள்ளே மேரிசெல்வி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னாசிராஜ் பைக்குள் கையை விட்டார். தாள் விரலில் பட்டது. பாதி வெளியே எடுத்தார்.

"அன்பு, உன்னாண்ட ஒரு கையெழுத்து…"

"கையெழுத்தா? குடுங்கண்ணே, எங்க போடணும்? நீங்க எதுல போடச் சொன்னாலும் போடறேன்."

அவன் படித்துக்கூடப் பார்க்க மாட்டான். தெரிந்தது. புவனா சிரித்துக்கொண்டு நின்றாள். மேரிசெல்வி ஓர் அடி முன்னால் வந்தார். கேளுங்க, கேட்டுடுங்க என்று அவர் கண்ணே கெஞ்சியது. இன்னாசிராஜ் வாயைத் திறந்தார். பெயின்ட் டியூபு என்கிற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அதற்குமேல் வரவில்லை. அவரை நல்லவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவனுக்காக விட்டுக்கொடுக்கவில்லை. வெட்கம், வெறும் வெட்கம்.

"ஒண்ணுமில்ல. அது வேற எதுக்கோ" என்று தாளை உள்ளே தள்ளிவிட்டார்.

அடுப்படியில் ஒரு பாத்திரம் டமாரென்று விழுந்தது.

"அண்ணே, இதுல உங்க பேரு இருக்குது. என் பேர எழுதிக் குடுத்துடுங்கண்ணே. உங்க கையாலயே இருக்கட்டும், ராசியா இருக்கும்" என்று அன்புச்செல்வன் ஹெல்மெட்டை நீட்டினான்.

இன்னாசிராஜ் திண்டாடிப்போய் அதை வாங்கிக்கொண்டார். வாசல்படியில் உட்கார்ந்து முழங்காலுக்கிடையில் ஹெல்மெட்டை இடுக்கி, உப்புத்தாளால் தேய்த்தார். முதலில் 'பெயின்டர்' போயிற்று. அப்புறம் ஜ், ரா, சி. எழுத்து லேசில் போகவில்லை. நல்ல பெயின்ட், நல்ல கை. மஞ்சள் தூள் வேட்டியெல்லாம் விழுந்தது. துணியால் துடைத்துவிட்டு எனாமல் டப்பாவைத் திறந்தார். அடிவரைக்கும் கட்டியாகிக் கிடந்தது. நேற்றிலிருந்து மாற்றாத சட்டைப் பையில் அருண்குமார் வைத்த சிவப்பு டியூப் இருந்தது. அதைத்தான் பிதுக்கினார்.

அ. ன். பு. ஈட்டி இழுத்த கை. 'அன்புச்செல்வன்' என்று நெற்றி முழுக்க ஒரே சீராக எழுதி முடித்து ஹெல்மெட்டைத் தூரப் பிடித்துப் பார்த்தார். அவருக்குப் பின்னால், திறந்த கதவு வழியாக, உள்சுவரில் பிரித்துத் தொங்கவிட்ட சண்டைப் படம் தெரிந்தது. புவனா அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மழையில கிழையில அழிஞ்சிடாதே?" என்றான் அன்புச்செல்வன்.

"காய நாலு நாள் ஆவும், கை வெச்சிடாத" என்றார் இன்னாசிராஜ். டியூப் மூடி கோணலாக ஏறியது. கழற்றித் திரும்ப மூடினார். "காஞ்சிட்டா அழியாது. இது பர்மனென்ட்டு."

உள்ளே மேரிசெல்வி அழ ஆரம்பித்தார்.